நாலு கிலோ நாய்க்கு எதை மெல்லக் கொடுப்பது?

கேள்வி இதுதான். சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து, அங்கே ஃபீனிக்ஸ் பகுதியில் குடியிருக்கும் ஒரு சகோதரி, நாலு கிலோ எடையுள்ள மூன்று வயது மால்டீஸ் வளர்க்கிறார். பெட் ஷாப் சுவரில் தொங்கும் குச்சி, காது, குளம்பு, தோல் எலும்பு இதிலெல்லாம் எதை வாங்குவது என்று கேட்கிறார். மசாலா தடவிக் காய வைத்த இறைச்சியான பில்டாங் கொடுக்கலாமா? ஞாயிற்றுக்கிழமை பிராய் (நெருப்பில் இறைச்சி சுடும் விருந்து) முடிந்ததும் மாமியார் சாப் எலும்பைப் போடுகிறாரே, அதற்கு என்ன செய்வது? கடைசியாக ஒரு வரி: "சின்ன நாய்தானே, எதுவானாலும் சின்னத் துண்டாகக் கொடுத்தால் போதாதா?"

நான் டர்பனில் ஒரு கால்நடை மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். அந்தக் கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சின்ன நாய் வளர்க்கிறவர்களில் பாதிப்பேர் அந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள். கடைக்காரர்களும் அதையே போட்டு, பெரிய நாய்க்கான குச்சியை மூன்றாக வெட்டி, 'சிறு இன நாய்களுக்கு' என்று அட்டை ஒட்டி விற்கிறார்கள்.

முதலில் இரண்டு விஷயத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். ட்ரீட் என்பது வாயில் போட்டதும் உள்ளே போய்விடும் தீனி. அது மெத்தென்று, பட்டாணி அளவில் இருக்க வேண்டும். மெல்லாமல் விழுங்கினாலும் பாதகமில்லை. மெல்லும் பொருள் வேறு. அது நாய் உட்கார்ந்து கடித்துக்கொண்டே இருப்பதற்கானது. அது முழுதாகத் தொண்டைக்குள் போகவே முடியாத அளவில் இருக்க வேண்டும். ஆபத்து இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. விழுங்கவும் முடிகிற, ஆனால் சுலபமாக இறங்காத கட்டைவிரல் அளவுத் துண்டுதான் மருத்துவமனைக்கு ஓட வைக்கிறது. குச்சி எவ்வளவு குட்டையோ, அவ்வளவு சீக்கிரம் அந்த அளவுக்கு வந்துவிடும். ஆகவே உங்கள் மால்டீஸுக்கு அதன் தலையை விட நீளமான, நடுத்தர நாய்க்கான குச்சியை வாங்குங்கள். பத்து நிமிடம் கடிக்கட்டும். பிறகு வாங்கி, டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள், மறுநாள் கொடுக்கலாம். வாய்க்குள் முழுதாக நுழைகிற நீளத்துக்கு வந்துவிட்டால் குப்பைக்குப் போகட்டும். காசு போகிறதே என்று பார்க்காதீர்கள், ஆபரேஷன் பில் அதைவிடப் பெரியது.

இதில் சின்ன நாய்க்கு மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி என்றால், உணவுக்குழாயைப் பார்க்க வேண்டும். கழுத்து மார்போடு சேரும் இடம், இதயத்தின் மேல்பக்கம், உதரவிதானத்துக்குச் சற்று முன் என்று மூன்று இடங்களில் அது விரிய இடமில்லை. நாற்பது கிலோ ரிட்ஜ்பேக்கின் குழாயில் நழுவிப் போகிற துண்டு, மால்டீஸ், யார்க்கி, வெஸ்டி போன்றவற்றில் இந்த மூன்றில் ஒன்றில் மாட்டிக்கொள்ளும். 2000 முதல் 2006 வரை பல் சுத்தத்துக்கென்று விற்ற மெல்லும் தீனி உணவுக்குழாயில் சிக்கிய 31 நாய்களைப் பற்றி அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை சிறிய நாய்கள். அந்தத் தீனி விஷமில்லை, கெட்டுப்போனதும் இல்லை. சரியாக மெல்லாமல் விழுங்கியதுதான் வினை.

சிக்கிவிட்டால் நாய் கழுத்தை நீட்டி நீட்டி விழுங்கப் பார்க்கும். எச்சில் கயிறாக ஒழுகும், தண்ணீர் குடித்த கையோடு அப்படியே வெளியே வரும், ஓர் இடத்தில் படுக்காது. மூச்சு நன்றாகவே இருக்கும், அதனால் "சரியாகிவிடும்" என்று விட்டுவிடுவார்கள். விடாதீர்கள். அந்தத் துண்டு உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் குழாயின் சுவர் புண்ணாகிறது, ஓட்டையே விழலாம். நம் வீட்டில் மீன் முள் சிக்கினால் சோற்று உருண்டையை விழுங்கச் சொல்வோமே, அந்த வைத்தியத்தை நாயிடம் காட்டக் கூடாது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதும் கூடாது. நாலு கிலோ உடம்புக்கு அந்த உப்பே நஞ்சாகும். மூச்சே வராமல் நாக்கு நீலமாகிறது என்றால் அது வேறு கதை, மூச்சுக்குழாய் அடைபட்டிருக்கிறது. வாயைத் திறந்து, கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் விரலால் வழித்து எடுங்கள். தெரியவில்லை என்றால் தலையைக் கீழே சாய்த்துப் பிடித்து இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையால் தட்டிக்கொண்டே காரில் ஏறுங்கள்.

அடுத்தது, பொருள் எவ்வளவு கடினமாக இருக்கிறது என்பது. சிவாவாவுக்கும் பல் 42தான், ரிட்ஜ்பேக்குக்கும் 42தான். அத்தனையும் ஒரு தீப்பெட்டியளவு தாடையில் நெருக்கியடித்து நிற்பதால் ஊத்தை சீக்கிரம் சேரும், ஈறு சீக்கிரம் கெடும். ஈறு நோய் முற்றிய சின்ன நாயின் கீழ்த்தாடை எலும்பு அரித்து, கடினமானதைக் கடிக்கும்போது தாடையே முறிவதும் உண்டு. இளம் நாய்களிலோ மேல்தாடையின் பெரிய கடைவாய்ப் பல் சில்லாகப் பெயரும். வெளியில் தெரியாது, நாய் ஒரு பக்கமாக மட்டும் மெல்ல ஆரம்பித்த பிறகுதான் நமக்கு உறைக்கும். அதனால் வாங்குமுன் நகத்தால் அழுத்திப் பாருங்கள், கொஞ்சமாவது பள்ளம் விழ வேண்டும். அல்லது அதை எடுத்து உங்கள் முழங்கால் சில்லில் தட்டுங்கள். வலித்தால் திரும்பத் தொங்கவிட்டுவிட்டு வாருங்கள்.

இந்த இரண்டு சோதனையோடு அந்தச் சுவருக்கு முன்னால் நின்றால் பாதிச் சாமான் தானாகக் கழிந்துவிடும். மாட்டுக் குளம்பு, கூடு என்ற ஆப்பிரிக்க மானின் கொம்பு, வெந்து காய்ந்த கால் எலும்பு எல்லாம் முழங்கால் சோதனையிலேயே போச்சு. இமயமலைப் பக்கத்துப் பாற்கட்டிக் குச்சியும் அப்படித்தான். புரட்டாசியில் வீட்டுக்குள் இறைச்சி வேண்டாம் என்கிறவர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள், நல்ல எண்ணம்தான், ஆனால் அது கல். கடைசித் துண்டை மைக்ரோவேவில் பொரித்துப் பொரியாகக் கொடுத்தால் மட்டும் சரி.

முடிச்சுப் போட்ட வெள்ளைத் தோல் எலும்பு, அதாவது ராஹைட், அதைச் சின்ன நாய்க்குக் கொடுப்பது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. பதப்படுத்தி வெளுத்த மாட்டுத் தோல் அது. ஊற ஊற வழுக்கலாகி, முடிச்சு அவிழ்ந்து, ஒரு நீளத் தோலாக உள்ளே இறங்கும். வயிற்றில் சுலபமாகக் கரையாது. ஒரு முனை தொண்டையிலும் மறுமுனை வாயிலுமாக நாய் வந்து நிற்பதை ஒருமுறை பார்த்தவர்கள் திரும்ப வாங்குவதில்லை.

பன்றிக் காது கொழுப்பு. அதோடு 2019-இல் அமெரிக்காவில் பன்றிக் காதுத் தீனியால் மனிதர்களுக்கே சால்மோனெல்லா பரவி 150-க்கும் மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள். கைக்குழந்தை தவழும் வீட்டில் தரையில் கிடக்க வேண்டிய பொருள் இல்லை. காய வைத்த கோழிக் கால், அதாவது கோழித் தலையும் காலும் சேர்ந்த நம் ஊர் 'வாக்கி டாக்கி'யில் பாதி, இப்போது பெட் ஷாப்புக்கும் வந்துவிட்டது. பெரிய நாய்க்குப் பரவாயில்லை என்பேன். நாலு கிலோவுக்கு அது நான் மேலே சொன்ன அதே நடு அளவு, நகம் வேறு.

புல்லி ஸ்டிக் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வாசனை இல்லாதது என்று விலை அதிகம் வைத்து விற்பார்கள். என்ன பொருள் என்று பலர் கேட்பதில்லை. காளையின் குறியைக் காய வைத்தது. மாட்டிறைச்சி வீட்டுப்படி ஏறக் கூடாது என்கிற குடும்பங்கள் தெரியாமல் வாங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன். மற்றபடி அது கடினத்தில் நடுத்தரம், செரிக்கும், நீளமாகக் கிடைக்கும். என் சோதனையில் தேறுகிறது. ஆனால் 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 26 குச்சிகளைக் கிருமிக்குச் சோதித்தார்கள்; ஏழில் ஈ.கோலை இருந்தது, ஒன்றில் மருந்துக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ், ஒன்றில் க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசிலே. அதே ஆய்வு கலோரியையும் அளந்தது: அங்குலத்துக்கு 9 முதல் 22 வரை. ஆறு அங்குலக் குச்சி சராசரியாக 90 கலோரிக்குப் பக்கம்.

இங்கே கொஞ்சம் கணக்கு. கருத்தடை செய்த நாலு கிலோ நாய்க்கு நாள் முழுக்கச் சுமார் 300 கலோரி போதும். ட்ரீட், மெல்லும் பொருள், மேசையடியில் விழுவது எல்லாம் சேர்ந்து அதில் பத்தில் ஒரு பங்குக்குள் நிற்க வேண்டும், அதாவது 30. ஒரு முழுக் குச்சி மூன்று நாள் பங்கைத் தின்றுவிடுகிறது. காலை டீக்குத் தோய்த்துத் தின்கிற ரஸ்க் ஒன்று முழுதாக 100 கலோரிக்கு மேல். பத்து நிமிடத்தில் பிடுங்கிக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னதற்கு இதுவும் காரணம்.

அப்படியானால் எதை வாங்குவது? என் கையில் பணம் கொடுத்தால் முதலில் நான் வாங்குவது தின்கிற பொருளே இல்லை: நடுவில் குழியுள்ள ரப்பர் பொம்மை. விரலால் அழுத்தினால் அமுங்குகிற மெது ரப்பர், நாயின் வாய்க்குள் முழுதாகப் போகாத அளவு, இரண்டு பக்கமும் துளை உள்ளது. அன்றைய சாப்பாட்டிலிருந்தே ஒரு கைப்பிடியை வெந்நீரில் ஊற வைத்து, அவித்த பூசணி அல்லது பட்டர்நட் மசியலோடு பிசைந்து அடைத்து, ஃப்ரீசரில் வையுங்கள். டர்பன் ஜனவரி வெயிலில் அரை மணி நேரம் நக்கிக்கொண்டு கிடக்கும். பல்லும் உடையாது, கலோரியும் ஏறாது.

தின்னக்கூடியதுதான் வேண்டும் என்றால், நீளமான தீக்கோழித் தசைநார்க் குச்சி எனக்குப் பிடிக்கும். ஔட்ஸ்ஹூர்ன் பக்கம் தீக்கோழி வளர்ப்பு பெரிய தொழில் என்பதால் இங்கே சுலபமாகக் கிடைக்கிறது, மாடு வேண்டாம் என்பவர்களுக்கும் ஒத்துவரும். தீக்கோழி எலும்பை அல்ல, தசைநாரை. காய வைத்த ஹேக் மீன் தோலைச் சுருட்டியதும் நல்லது, பொடிப்பொடியாக உடையும். முள் இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். ஸ்நூக் மீன் மிச்சத்தை மட்டும் கிட்டேயே விடாதீர்கள், அந்த முள்ளை மனிதனாலேயே சமாளிக்க முடிவதில்லை.

பல் குச்சிகளில் வி.ஓ.எச்.சி. (கால்நடை வாய்நலக் குழு) முத்திரை உள்ளதைத் தேடுங்கள். ஊத்தையைக் குறைக்கிறது என்று சோதனையில் காட்டிய பொருளுக்குத்தான் அது கிடைக்கும். இதில் மட்டும் நாயின் எடைக்கு என்று அட்டையில் போட்டிருப்பதை மதித்து வாங்குங்கள், கையில் பிடித்துக்கொண்டே கடிக்க விடுங்கள். என்ன குச்சி கொடுத்தாலும் பல் தேய்க்கும் பிரஷுக்கு ஈடாகாது. வாய் நாற்றமோ ஈறில் இரத்தமோ இருந்தால் மெல்லும் சமாச்சாரம் எல்லாவற்றையும் நிறுத்தி, முதலில் பல்லை டாக்டரிடம் காட்டுங்கள்.

அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. தென்னாப்பிரிக்காவில் செல்லப்பிராணித் தீனி 1947ஆம் ஆண்டின் 36ஆம் சட்டப்படி பதிவாக வேண்டும். பொட்டலத்தில் 'வி' என்று தொடங்கும் எண் இருக்கும். உதிரியாகக் கூடையில் குவித்து விற்பதில் அது இருக்காது. யார் செய்தது, எதில் செய்தது என்று கேட்கவும் ஆள் இருக்காது. எண் இருந்தாலும் தொண்டையில் சிக்காது என்று அர்த்தமில்லை, அது வேறு சமாச்சாரம். கோழி இறைச்சியைக் காய வைத்த பட்டைகள் விஷயத்தில் நான் கூடுதலாகவே பயப்படுவேன். 2007-இலிருந்து 2015 வரை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.வுக்கு அத்தகைய தீனியால் 6,000-க்கும் மேற்பட்ட நாய்கள் பாதிக்கப்பட்டதாகவும் 1,100-க்கும் மேற்பட்டவை செத்ததாகவும் புகார் போனது. பெரும்பாலும் சீனாவில் செய்தவை. பல நாய்களுக்குச் சிறுநீரகத்தில் ஃபான்கோனி என்ற கோளாறு வந்தது. காரணம் இன்னும் பிடிபடவில்லை. அப்படிப் பட்டை தின்கிற நாய் திடீரென்று குடம் குடமாகத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழித்தால் பட்டையை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு வாருங்கள்.

இனி பில்டாங். நமக்கென்று விற்பதைக் கொடுக்க வேண்டாம். உப்பு, வினிகர், மிளகு, கொத்தமல்லி, டர்பன் என்றால் மிளகாயும் சேரும். சில மசாலாக் கலவையில் வெங்காயப் பொடி, பூண்டுப் பொடி. இரண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். காய வைத்த சாசேஜான த்ரோவோர்ஸில் இதோடு கொழுப்பும் சேர்கிறது. கொழுப்பு ஒரே மூச்சில் உள்ளே போனால் சின்ன நாய்களுக்குக் கணையம் வீங்கும், மினியேச்சர் ஷ்னவுசர் வைத்திருப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். ஆனால் சில இறைச்சிக் கடைகளில் உப்பு மசாலா இல்லாமல் நாய்க்கென்றே காய வைத்து விற்கிறார்கள். "எதுவுமே தடவவில்லையா?" என்று வாய்விட்டுக் கேட்டு வாங்கிக் கத்தரிக்கோலால் பட்டாணி அளவுக்கு நறுக்கிக்கொண்டால் பழக்குவதற்கு அதைவிட நல்ல ட்ரீட் கிடையாது.

பிராய் எலும்புக்கு வருகிறேன். நெருப்பில் வெந்த எலும்பு ஈட்டி ஈட்டியாகப் பிளக்கும். சாப் எலும்பு குடலைக் கிழிக்கலாம், கோழி எலும்பு தொண்டையில் குத்தி நிற்கலாம். ஆனால் அந்த முற்றத்தில் எலும்பை விட அதிகமாக நான் பயப்படுவது மீலிக் கட்டை, அதாவது மக்காச்சோளத்தின் நடுத்தண்டு. சோளத்தைத் தின்றுவிட்டுக் கட்டையைப் புல்லில் போடுவார்கள். நெய்யும் உப்பும் ஊறியிருக்கும், நாய் துண்டாகக் கடித்து விழுங்கும். அது செரிக்கவே செரிக்காது. நாள்கணக்கில், சிலசமயம் வாரக்கணக்கில் வயிற்றில் சும்மா கிடந்துவிட்டு, ஒருநாள் குடலுக்குள் நகர்ந்து அடைக்கும். எக்ஸ்ரேயிலும் எலும்பு மாதிரி பளிச்சென்று தெரியாது. "கட்டை தின்றதா?" என்று டாக்டர் கேட்கும்போது போன மாதப் பிராயை யாருக்கு ஞாபகம் இருக்கும்? டர்பன் வார்விக் ஜங்ஷன் சந்தையில் அவித்த சோளம் வாங்கித் தின்றுகொண்டே நாயோடு நடப்பவர்களுக்கும் இது பொருந்தும். இறைச்சி கோத்துச் சுடும் சொசாட்டிக் குச்சியையும் எண்ணி எடுத்துக் குப்பையில் போடுங்கள். இறைச்சிச் சாறு ஊறிய குச்சியை நாய் குச்சியாகப் பார்க்காது.

மாமியாரிடம் "போடாதீர்கள்" என்று மட்டும் சொன்னால் நிற்காது. அவருக்கு அது பாசம். போடுவதற்கு வேறு ஒன்றை அவர் கையில் கொடுங்கள். அவித்த கோழி மார்புத் துண்டு, வெறும் பீன்ஸ், சாம்பார் படாத இட்லி ஓரம், எல்லாம் பட்டாணி அளவில் ஒரு சின்னக் கிண்ணத்தில். இது உங்கள் கையால் மட்டும்தான் என்று சொல்லிவிடுங்கள். பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு) ரொட்டியைக் குழம்பில் தோய்த்துப் போடுவதும் இதில் அடங்கும்: வெங்காயம், எண்ணெய், ஆட்டெலும்பு மூன்றும் ஒரே கவளம்.

சமையலறையில் இன்னும் சில. உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேசரி, பாயசம், மியூஸ்லி ரஸ்க், ஈஸ்டர் பன் எல்லாவற்றிலும் அது ஒளிந்திருக்கிறது. 2021-இல் அமெரிக்க விஷமுறிவு மருத்துவர்கள் திராட்சையின் டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று சுட்டிக்காட்டினார்கள். அதே அமிலம் புளியில் ஏராளம்; புளி தின்று சிறுநீரகம் பழுதான நாய்களும் உண்டு. ஊற வைத்த புளிச் சக்கையை மூடியில்லாத பக்கெட்டில் போடாதீர்கள். மகடேமியா பருப்பு நம் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. நாலு கிலோ நாய்க்கு நாலைந்து பருப்பு போதும், பின்னங்கால் துவண்டு நடுங்கும், காய்ச்சலும் வரும். வேர்க்கடலை வெண்ணெய் வாங்கும்போது சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலான இனிப்பு), அல்லது ஈ967, அல்லது பிர்ச் சர்க்கரை என்று போட்டிருக்கிறதா பாருங்கள். கிலோவுக்கு 0.1 கிராமே நாயின் இரத்தச் சர்க்கரையைத் தடாலென்று இறக்கிவிடும். அதாவது உங்கள் நாய்க்கு அரை கிராமுக்கும் குறைவே ஆபத்து.

கேரட் கொடுக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். வட்டமாக நறுக்கிய பச்சைக் கேரட் மறுபடியும் அந்த நடு அளவுதான். துருவிக் கொடுங்கள், அல்லது வேக வையுங்கள், இல்லையென்றால் தடியான முழுக் கேரட்டை ஒரு முனையில் நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு எஞ்சுவது, பத்து நிமிடம் ஆனதும் குச்சியை எப்படித் திரும்ப வாங்குவது. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கையை நீட்டிப் பிடுங்கப் போனால், பறிபோகிறதே என்று நாய் அவசரமாக விழுங்கும். அரைகுறையாக மென்ற நீளத் துண்டு உள்ளே போவது பெரும்பாலும் அந்த நொடியில்தான். துரத்தவும் வேண்டாம், கத்தவும் வேண்டாம். மூக்குக்குப் பக்கத்தில் அந்தப் பட்டாணி அளவுக் கோழித் துண்டைக் காட்டுங்கள். வாய் திறந்து குச்சி விழும். கோழியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு, நாய் அந்தப் பக்கம் போனதும் குச்சியை எடுங்கள். முதல் சில நாட்களில் குச்சியை எடுத்து, திரும்பவும் அதனிடமே கொடுத்துவிடுங்கள். கொடுத்தால் போய்விடாது என்று தெரிந்துவிட்டால், மால்டீஸ் குச்சியைத் தானே கொண்டுவந்து உங்கள் காலடியில் போட்டுவிட்டுக் கோழிக்கு நிற்கும்.